நான் சொன்னால்தான் விழுவான்

ராப் கச்சேரிக்குப் போகிறவர்கள் செருப்பு போட்டுக்கொண்டு போகக் கூடாது. ஷூதான் போட வேண்டும், அதுவும் இரட்டை முடிச்சு போட்டு. கூட்டம் குதிக்க ஆரம்பித்துவிட்டால் முதல் பாட்டிலேயே செருப்பு கழன்றுவிடும். குனிந்து எடுக்கவும் முடியாது, குனிந்தால் முதுகில் ஏறிவிடுவார்கள். எல்லாம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு பார்த்தால் தரை முழுக்க ஒற்றைச் செருப்புகளாகக் கிடக்கும். ஜோடியாக ஒன்றையும் நான் பார்த்ததில்லை. பெருக்குகிறவர்கள் அவற்றை ஒரு மூலையில் குவித்து வைப்பார்கள், யாரும் தேடி வருவதில்லை. உங்கள் போனில் இருக்கும் வீடியோவிலும் கீழே இடது பக்கம் ஒரு சிவப்புச் செருப்பு தெரிகிறது, பாருங்கள். வெறும் தரையில் கிடக்கிறது.

தேநீரைக் குடியுங்கள் மேடம், ஆறிவிடும். நீங்கள் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டீர்கள், நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வெறும் ஆமாமை எழுதிக்கொண்டு போனால் உங்கள் மேலதிகாரி உங்களைத்தான் குடைவார். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். கடைசிச் சொல்லைச் சொல்வதுதான் என் தொழில், முதலிலிருந்து பேசிப் பழக்கமில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே படுத்திருப்பவனை எல்லோரும் தீப்பெட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சின்னவன், உரசினால் பற்றிக்கொள்வான் என்று அவனே வைத்துக்கொண்ட மேடைப் பெயர். இப்போது அவன் அக்காவுக்கே அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது. எனக்கு அவன் வைத்த பெயர் வால். சேட்டை செய்யும் பிள்ளைகளை வால் என்பார்களே, அந்த வால் இல்லை. நான் சேட்டையே செய்ததில்லை. அவன் பாடும் ஒவ்வொரு வரிக்கும் நான் வாலாக இருந்தேன், அவ்வளவுதான்.

ராப்பில் சொல் மேல் சொல்லாக வந்து கொட்டும், மூச்சு விட இடம் இருக்காது. ஸ்டூடியோவில் வெட்டி ஒட்டிச் சமாளிக்கலாம். மேடையில் குதித்துக்கொண்டே பாடுகிறவனுக்கு நாலாவது வரியில் நாக்கு தள்ளிவிடும். அதற்காகத்தான் பக்கத்தில் இன்னொருவன் நிற்கிறான். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் அவன் அடிப்பான், அந்த இடைவெளியில் பாடகன் மூச்சை இழுத்துக்கொள்வான். கேட்கிறவர்களுக்கு இரண்டு பேர் சேர்ந்து மிரட்டுவது போல இருக்கும். உண்மையில் ஒருவன் மூச்சு விடுகிறான், இன்னொருவன் அதை மறைக்கிறான்.

எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த பாட்டு இப்படி ஆரம்பிக்கும். ‘மாடிப்படி ஏறி ஏறி மூச்சு வாங்கும்’ என்பான் அவன். ‘நகரம்’ என்பேன் நான். ‘மழை பெஞ்சா முட்டி வரை தண்ணி தேங்கும்’ என்பான். ‘நகரம்.’ ‘மூணு வேலை பாத்தவனும் பசியில் தூங்கும்.’ ‘நகரம்.’ பாட்டு முழுக்க என் பங்கு அந்த ஒரு சொல்தான். தெருவில் போகிற பிள்ளைகள் அந்தச் சொல்லை என் குரல் மாதிரியே அடிவயிற்றிலிருந்து சொல்லிக்கொண்டு போவார்கள். என் முகம் அவர்களுக்குத் தெரியாது, பக்கத்திலேயே நடந்து போவேன்.

நாங்கள் பழகியது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில். படுக்கை விரிப்புகளை மடிப்பது எங்கள் வேலை. விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு நுனியைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து, அவன் நுனியை என் கையில் கொடுப்பான். துவைக்கும் இயந்திரங்கள் ஒரே தாளத்தில் தடதடவென்று அடித்துக்கொண்டிருக்கும். அந்தத் தாளத்துக்கு அவன் வாயில் வந்ததையெல்லாம் கட்டிவிடுவான். சத்தத்தில் வரியின் முடிவு எனக்குக் கேட்காது, நானே ஊகித்துக் கத்துவேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். அப்படித்தான் இது ஆரம்பித்தது. இப்போது இந்த வீட்டில் நான் தனியாக மடிக்கிறேன். இரண்டு நுனியைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திக்கொண்டால் ஓரளவு வருகிறது.

எனக்குச் சொந்தமென்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. பரிதாபப்படுவீர்கள் என்று இதைச் சொல்லவில்லை, நீங்கள் எழுதும்போது தேவைப்படும் என்று சொல்கிறேன். சலவைக் கூடத்து வேலையை விட்ட பிறகு பத்து வருடத்துக்கு மேல் இந்த வீட்டில்தான் இரண்டு பேரும் இருந்தோம். ஆளுக்கொரு அறை, பொதுவாக ஒரு சமையலறை. என் போனில் அவனைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை. அவன் பக்கத்து அறையில் இருந்துகொண்டே கூப்பிடுவான். “டேய் வால், தண்ணி கொண்டாடா.” எழுந்து வரச் சோம்பல். அந்த மணி அடித்தால் எனக்குப் போதும், அந்த நாள் கழிந்துவிடும்.

கச்சேரி முடிந்ததும் பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொள்வார்கள். நான் வயர்களைச் சுருட்டுவேன். யாராவது ஓடி வந்து, “அண்ணா, ஒரு போட்டோ எடுங்களேன்” என்று போனை என்னிடம் நீட்டுவார்கள். நானும் எடுத்துக் கொடுப்பேன். வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நிறுத்தி நன்றாகவே எடுப்பேன். எத்தனையோ பேர் வீட்டில் அவன் படம் இருக்கிறது, எல்லாம் நான் எடுத்தது. ஒன்றிலும் நான் இல்லை என்று ஒருநாள் பல் தேய்க்கும்போது தோன்றியது. பிறகு மறந்துவிட்டேன்.

இனி விழுகிற கதைக்கு வருகிறேன். கடைசிப் பாட்டில் அவன் மேடை விளிம்பில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். இரண்டு கைகளையும் விரிப்பான். ‘இருக்கீங்களா?’ என்று மூன்று தடவை கேட்பான். ‘இருக்கோம்’ என்று கூட்டம் கத்தும். அப்படியே மரம் சாய்வது போலப் பின்னால் சாய்வான். நூறு கைகள் அவனைத் தாங்கி, தலைக்கு மேலேயே நகர்த்திக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து மேடையில் வைக்கும். பார்க்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். நான் தாங்குகிற கைகளை எண்ணிக்கொண்டே இருப்பேன், அவன் திரும்பி வந்து சேரும்வரை.

ஆரம்ப நாட்களில் ஒருமுறை, ஒரு கல்லூரி விழாவில், கூட்டம் கத்தியது. ஆனால் கத்தியவர்கள் எல்லோரும் தள்ளி நின்றிருந்தார்கள். அவன் சாய்ந்தான். கடைசி நொடியில் உடம்பைத் திருப்பிக் காலை ஊன்றியதால் கணுக்கால் மட்டும் முறிந்தது. ஆறு வாரம் படுக்கை. நான்தான் தலை சீவிவிட்டேன், நகம் வெட்டினேன், குளியலறைக்குத் தூக்கிப் போனேன். வரி எழுதுவதற்கு அவன் சொல்வான், நான் எழுதிக்கொள்வேன். யாரும் வீட்டுக்கு வரவில்லை. அவன் எங்கேயும் போகவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஆறு வாரம்தான், இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பிறகு கட்டைப் பிரித்தார்கள். அன்றைக்கே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. “கூட்டம் எதுக்கு வேணா கத்தும்டா. அத நம்ப மாட்டேன். நீ கூட்டத்தப் பாத்து நில்லு. கீழ ஆள் இருக்கா, கை தூக்கி நிக்கிறாங்களான்னு பாரு. நீ சொன்னாதான் நான் விழுவேன்” என்றான். மேடையில் அவன் காதில் ஒரு சின்னக் கருவி மாட்டியிருப்பான். அதில் தாளமும் என் குரலும் மட்டும்தான் கேட்கும், கூட்டத்தின் சத்தம் எங்கோ தூரத்தில் இருப்பது போல வரும். மூன்றாவது ‘இருக்கீங்களா’வுக்குப் பிறகு தாளம் ஒரு கணம் நிற்கும். அந்த இடத்தில் நான் ‘இருக்கோம்’ என்பேன். உடனே சாய்ந்துவிடுவான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. என்னை அந்த அளவுக்கு நம்பிய இன்னொரு உயிர் கிடையாது.

பிறகு அவனுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. பல் டாக்டர் ஒரு பெண். உங்களை இங்கே அனுப்பியதும் அவள்தான் என்று தெரியும், எனக்கு அவள்மேல் கோபமில்லை. நல்ல பெண். என் பல்லையும் பார்த்திருக்கிறாள், “நீங்க தூக்கத்துல பல்லக் கடிக்கிறீங்க அண்ணா” என்று கண்டுபிடித்துச் சொன்னாள். அவன் வாயைத் திறந்தால் மூடவே மாட்டான் என்று ஊரெல்லாம் கிண்டல் செய்யும், அவள் முன்னால் மட்டும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் கிடந்தான். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று.

ஒரு மதியம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவன் சமையலறை நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

“டேய் வால், அத வெச்சிட்டு ஒக்காரு. ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு, காது சும்மாதான இருக்கு.”

“கல்யாணத்துக்கு அப்புறம் அவ ஊருக்கே போயிடலாம்னு இருக்கோம்டா. அங்க அவ சொந்தமா கிளினிக் போடப் போறா.”

அந்த இருக்கோமில் நான் இல்லை என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கச்சேரிக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குத்தான் காத்திருந்தான் போல.

“போன மாசம் ஸ்டூடியோல உன்ன ஒக்கார வெச்சு ஒவ்வொரு வார்த்தையா தனித்தனியா எடுத்தோம்ல? தட்டுக்காரி அத மெஷின்ல ஏத்திட்டா. பட்டன அமுக்குனா போதும், கரெக்டா வந்து விழுது. நீ என்கூட ஊர் ஊரா அலைய வேணாம். உன் குரல்தான்டா, நீ எங்கயும் போகல.”

தட்டுக்காரி என்றால் எங்கள் இசைத்தட்டுகளைச் சுழற்றுகிற பெண். அன்று ஒரு பகல் முழுக்க என்னை உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள். புது ஆல்பத்துக்கு என்று நினைத்து நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். அவன் எனக்கு ஏதோ உபகாரம் செய்வதாகவே நம்பினான் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவன் மனதில் கள்ளம் கிடையாது. “ஏதாவது ரேடியோல சொல்லி வேல வாங்கித் தர்றேன்டா, உன் குரலுக்கு என்ன கொறச்சல்” என்று தோளைத் தட்டினான். நல்லதுடா என்றேன். மிச்சத் துணியை மடித்து வைத்தேன். மனது விட்டுப்போயிற்று, ஆனால் அது முகத்தில் தெரிகிற ஆள் நான் இல்லை.

ஊர் ஊராகப் போய் நடத்திய அந்தச் சுற்றின் கடைசிக் கச்சேரி எங்கள் ஊரிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் காலையிலேயே கருவிகளைச் சரிபார்க்கப் போய்விட்டான். வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று நான் பின்தங்கினேன். வீடு அலங்கோலமாகக் கிடந்தது, ஊரைவிட்டுப் போகிறவன் பெட்டிகளைத் திறந்து போட்டிருந்தான். நான் பெருக்கித் துடைத்தேன். அவன் கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தோம், கீழே பெட்டி வைக்க வசதியாக. அந்தச் செங்கற்களை எடுத்துவிட்டேன். கட்டிலைக் குளியலறை வாசல் பக்கமாகத் தள்ளிப்போட்டேன். பழைய வேலையில் கற்ற மாதிரி மெத்தைமேல் ரப்பர் விரிப்பு போட்டு, அதன்மேல் வெள்ளை விரிப்பை இழுத்துச் செருகினேன். கடைக்குப் போய்ச் சோப்பு, பஞ்சு, வளைகிற உறிஞ்சு குழல் ஒரு கட்டு வாங்கி வந்து அலமாரியில் வைத்தேன். ஜன்னல் திரையைத் துவைத்தேன். பிறகு குளித்துவிட்டுக் கச்சேரிக்குக் கிளம்பினேன்.

நீங்கள் ராப் கச்சேரிக்குப் போனதில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்று ஒரு பழைய சரக்குக் கிடங்கில் நடந்தது. சிமெண்டுத் தரை, தகரக் கூரை, உச்சியில் வரிசையாக ஜன்னல். வெளியே இன்னும் வெயில் இருந்தது. மேடை ஒரு ஆளின் மார்பளவு உயரம். முன்னால் தடுப்புக் கம்பி கிடையாது, அவன் வைக்க விடமாட்டான். தாளத்தின் முதல் அடி விழுந்ததும் சட்டைக்குள் நெஞ்சு நடுங்கும், அது பயத்தால் அல்ல, ஒலிபெருக்கியால். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் குதித்து ஒரே சமயத்தில் இறங்குவார்கள். தரை அதிரும். வியர்வை ஆவியாகி மேலே போய்க் கூரையில் முத்து முத்தாகக் கோத்து, திரும்பத் தலையில் சொட்டும். கையில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெண் தோழன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு அந்தக் கட்டையே ஆட்டி ஆட்டிப் பாடினாள். ‘நகரம்’ என்ற சொல்லை அவர்களே சொல்லிவிட்டார்கள். நான் வாயை அசைத்தால் போதுமாக இருந்தது.

அன்று அவனைப்போலப் பாடியவன் யாருமில்லை. அதைப் பொறாமை இல்லாமல் சொல்கிறேன். ஒரு பாட்டில் தாளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, வெறும் வாயால், ஒரு குவளைத் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டே பாடினான். துளி சிந்தவில்லை. கூட்டம் பைத்தியமாகிவிட்டது. அப்புறம் என் தோளில் கை போட்டு முன்னால் இழுத்தான். “இவன் இல்லன்னா எனக்கு மூச்சு இல்ல. வாலுக்கு ஒரு சத்தம் குடுங்க” என்றான். வால், வால் என்று அத்தனை பேரும் கத்தினார்கள். என் பெயரை ஒரே நேரத்தில் அத்தனை பேர் சொல்லி நான் கேட்டதே இல்லை. கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் என் மனம் மாறிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் போய்ச் செங்கற்களைத் திரும்ப வைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். “இன்னைக்குத்தான் இவனுக்குக் கடைசி மேடை” என்றான். கூட்டம் ‘ஐயோ’ என்றது. அந்த ஐயோ முடிவதற்குள் தட்டுக்காரி அடுத்த தாளத்தைப் போட்டாள், எல்லோரும் குதித்தார்கள்.

எனக்கு மேடையில் இன்னொரு வேலையும் உண்டு. நடுவில் ஒரு பாட்டில் கூட்டம் விலகி வட்டமாக இடம் விடும். தாளம் வெடிக்கும்போது நாலா பக்கமிருந்தும் அந்த வட்டத்துக்குள் பாய்ந்து மோதி ஆடுவார்கள். எப்போது விலக வேண்டும் என்று கை காட்டுவது நான். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பிரிப்பேன், திரையை விலக்குவது போல. அவர்கள் விலகுவார்கள். வழக்கமாக அது கூடத்தின் நடுவில்தான் நடக்கும். கூட்டம் முரடு என்று வெளியில் இருப்பவர்கள் பேசுகிறார்கள். மேடையில் நின்று பாருங்கள், அதைப்போலச் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை கிடையாது.

கடைசிப் பாட்டு. அவன் விளிம்பில் போய் முதுகைக் காட்டி நின்றான். சட்டை நனைந்து முதுகெலும்பு தெரிந்தது. கையை விரித்தான். ‘இருக்கீங்களா’ என்று முதல் தடவை கேட்டபோது, விளிம்பில் அவனுக்குப் பக்கவாட்டில் நின்றிருந்த நான், அவன் கண்ணில் படாமல் இடுப்பளவில் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிரித்தேன். முன்வரிசை ஒரு கணம் திகைத்தது. இரண்டாவது தடவை கேட்டபோது இன்னொரு முறை பிரித்துக் காட்டினேன், சிரித்துக்கொண்டே. அவர்களும் சிரித்தார்கள். புதிதாக ஏதோ வேடிக்கை இருக்கிறது என்று ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். அழகாக வட்டம் விழுந்தது. நடுவில் ஈரமான சிமெண்டு, நசுங்கிய தண்ணீர்ப் பாட்டில், ஒரு சிவப்புச் செருப்பு. மூன்றாவது தடவை கேட்டான். தாளம் நின்றது. நான் ‘இருக்கோம்’ என்றேன்.

உங்கள் வீடியோவில் அது நன்றாகப் பதிந்திருக்கிறது. பின்னால் எதன்மேலோ ஏறி நின்று எடுத்திருக்கிறார்கள். சத்தம்தான் கொஞ்சம் கரகரக்கிறது.

அவன் எப்போதும் போலத்தான் சாய்ந்தான். உடம்பில் ஒரு இறுக்கமும் இல்லை. நான் அவனைப் பார்க்கவில்லை, செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எல்லோரும் ஓடினார்கள். தட்டுக்காரியும் எழுந்து ஓடினாள், ஓடும்போது அவள் கை எதிலோ பட்டிருக்க வேண்டும். இயந்திரத்திலிருந்து என் குரல் வர ஆரம்பித்துவிட்டது. ‘நகரம்.’ கொஞ்சம் இடைவெளி. ‘நகரம்.’ வரி இல்லாமல் வால் மட்டும் அவ்வளவு பெரிய கூடத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. அவன் சொன்னது சரிதான், கச்சிதமாக வந்து விழுந்தது. நான் போய்ப் பட்டனைத் தேடி அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். கழுத்தை அசைக்காமல் தூக்க வேண்டும் என்று அங்கே எனக்குத்தான் தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு முன்வரிசைப் பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். மாவுக்கட்டுப் போட்ட பெண் தேம்பித் தேம்பி அழுதாள். “அண்ணா, நாங்கதான் நகந்துட்டோம். நீங்க கை காட்டுன மாதிரி இருந்துச்சு. நாங்கதான் தப்பா புரிஞ்சுக்கிட்டோம்.” நான் அவள் தலையில் கை வைத்து, “அந்த இரைச்சல்ல யாருக்கும் அப்படித் தோணும்மா, மனசப் போட்டு ஒழப்பிக்காத” என்றேன். அவளுக்கு நான் செய்யக்கூடியது அதுதான். அவன் அக்கா வெளியூரிலிருந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “நீ இல்லன்னா என் தம்பி கதி என்னடா ஆவுறது” என்றாள். அவளுக்குக் கைக்குழந்தை, இருக்க முடியாது. பேசி முடித்து அவனை இங்கேயே கொண்டுவந்துவிட்டோம். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. வாய் அசையும், சத்தம் வராது. தலையில் பட்ட அடி.

வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. கட்டில் உயரம் சரியாக இருந்தது. நான் அவனைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறேன், நீங்களே உள்ளே போய்ப் பார்த்தீர்கள், முதுகில் ஒரு புண் உண்டா. காலையில் வெந்நீரில் துடைத்து, தலை சீவி, பாலை உறிஞ்சு குழலில் கொடுப்பேன். விரிப்பு மடிக்கும்போது பழக்கதோஷத்தில் ஒரு நுனியை அவன் விரலிடுக்கில் வைப்பேன். அவன் பிடிப்பதில்லை, நழுவிவிடும். முதலில் சுவரைப் பார்த்தே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். சுவர் பக்கம் குளிர்ச்சி ஆகாது என்று கட்டிலை அறை நடுவில் போட்டுவிட்டேன். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் வந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

பல் டாக்டர் ஞாயிறுதோறும் வந்தாள். தூங்குகிறான் என்றேன். பிறகு, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லையாம் என்றேன். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு அம்மா வந்தார். கெட்டிக்காரர். “ஒதடு நல்லா அசையுது தம்பி. இன்னும் கொஞ்ச நாள்ல சத்தம் வந்துடும். ஏதோ ஒரே விஷயத்தத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் பாக்குறாரு” என்று சந்தோஷமாகச் சொன்னார். அவன் ரொம்பக் களைத்துப்போகிறான் என்று சொல்லி அடுத்த வாரத்திலிருந்து அவரை வர வேண்டாம் என்றுவிட்டேன். பல் டாக்டர் அந்த அம்மாவைப் பார்த்துப் பேசியிருக்கிறாள். அதற்கப்புறம்தான் அன்று கச்சேரிக்கு வந்தவர்களை எல்லாம் தேடிப்பிடித்து வீடியோ கேட்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன். பல்லில் ஓட்டையைத் தேடுகிற கண், விடுமா.

என்ன நினைத்துச் செய்தாய் என்று கேட்டீர்கள். நான் போட்ட கணக்கு ஒரு கால்தான். அதிகம் போனால் இடுப்பு. போன தடவை மாதிரி ஆறு வாரம், இல்லாவிட்டால் மூன்று மாதம். கல்யாணம் தள்ளிப்போகும், கிளினிக் தள்ளிப்போகும், பக்கத்து அறையிலிருந்து மணி அடிக்கும். அதற்குமேல் நான் ஆசைப்படவில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு அலமாரியைப் பார்க்கிறீர்கள். கால் உடைந்தவனுக்கு உறிஞ்சு குழல் எதற்கு, ரப்பர் விரிப்பு எதற்கு என்று கேட்கிறீர்கள். கேள்வி நியாயமானது. இத்தனை நாளில் நான் என்னையே கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. கால் உடைந்தவன் எழுந்து உட்கார்ந்து கையாலேயே குடிப்பான், எனக்குத் தெரியாதா. ஆறு வாரம் பார்த்திருக்கிறேனே.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கால் போதாது மேடம். கால் ஆறிவிடும். ஆறினால் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவான், போன தடவை அப்படித்தான் போனான். எனக்கு அது தெரிந்திருந்தது. பின்னால் சாய்கிறவனுக்கு முதலில் படுவது எது என்பதும் தெரிந்திருந்தது. நான்தான் வட்டத்தைத் திறந்தேன், நான்தான் சொன்னேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள்.

நாளைக்கு அவனைக் கூட்டிப்போக வருகிறவர்களிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள், பால் வெதுவெதுப்பாக இருந்தால்தான் இறங்கும். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. தூக்கும்போது கழுத்துக்கு ஒரு கை தனியாக வேண்டும். அப்புறம் காலையில் திரையை விலக்கியதும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்கு நாள் ஓடாது. நான் தினமும் கேட்கிறேன். கட்டில் பக்கத்தில் நின்று ‘இருக்கியா?’ என்பேன். அவன் உதடு அசையும். கண்ணை இறுக மூடிக்கொள்வான், ஓரத்தில் தண்ணீர் வழியும், அது சந்தோஷத்தில். பாவம், அவனுக்கு எப்போதுமே வரியை முடிக்க மூச்சு பத்தாது. அதனால் அவன் சொல்ல வருவதை நானே சொல்லிவிடுவேன், ‘இருக்கோம்’ என்று.